நானூற்று எண்பது கிராம் புரட்சி

மனித இனம் நான்கு காலில் நடப்பதை விட்டு இரண்டு காலில் நிமிர்ந்து நின்ற நாளுக்குப் பிறகு, முதுகெலும்பு என்ற உறுப்புக்குக் கிடைத்த மாபெரும் கௌரவம் 'கனமற்ற பயணத் திட்டம்'தான். சக்கரத்தைக் கண்டுபிடித்தது, கழுதையைப் பழக்கியது என்று இடையில் நடந்தவை எல்லாம் சில்லறை விஷயங்கள். இந்தத் திட்டத்தைப் பெற்றெடுத்தவர், லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தரும் நிறுவனம் ஒன்றின் மேலாளர். பிரசவம் நடந்தது ஒரு நட்சத்திர ஓட்டலில். அங்கே நடந்த ஒருநாள் கருத்தரங்கில் காலை அமர்வு முடிவதற்குச் சற்று முன் அவருக்கு ஞானம் பிறந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தூங்கிவிட்டதால் ஒரே ஒரு திட்டத்தோடு நிறுவனம் தப்பித்தது.

திட்டத்தின் சாரம் எளியது. ஊர் ஊராகப் போகும் பரிசோதகர்கள் இனி லேப்டாப்பைத் தூக்க வேண்டாம். டேப்லெட் கொண்டுபோனால் போதும்.

இந்தப் புரட்சியில் பங்குபெறும் பேறு பெற்ற பதினோரு பேரில் ஒருவர் நம் பரிசோதகர். பத்தொன்பது வருட சர்வீஸ். கயிறு சரியில்லை, பிரேக் தேய்ந்திருக்கிறது, கதவு மூடவில்லை என்று இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு லிஃப்ட்டுகளை ஓடவிடாமல் நிறுத்தியவர். அந்தப் பாவத்துக்காக அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் 'நிப்பாட்டி'. வைத்தவர் மேலாளர். மற்றவர்களும் அன்போடு அப்படியே கூப்பிட்டார்கள்.

திட்டத்தின் தொடக்க விழாவில் மேசைமேல் ஒரு தராசு வைக்கப்பட்டிருந்தது.

"எல்லாரும் நல்லா பாத்துக்குங்க. இது லேப்டாப். ரெண்டு கிலோ அறுநூறு. இது டேப்லெட். நானூத்தி எண்பது கிராம். வித்தியாசம் எவ்வளவு?" என்று மேலாளர் கேட்டார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. கழித்தல் தெரியாமல் இல்லை. பதில் சொன்னவரைத் 'திட்ட ஒருங்கிணைப்பாளர்' ஆக்கிவிடுவார் என்ற பயம். மேலாளர் அந்த மௌனத்தை வியப்பு என்று குறித்துக்கொண்டார். பிறகு பதினோரு லேப்டாப்புகளும் இரும்பு அலமாரியில் அடுக்கப்பட்டன. மேலாளர் தம் கையாலேயே பூட்டினார்.

முதல் வாரமே ஒரு சிறு உண்மை வெளிப்பட்டது. டேப்லெட்டில் விரலால் அறிக்கை எழுதினால் ஒரு லிஃப்ட்டுக்கு அரை நாள் ஆகிறது. உடனே கீபோர்டு வழங்கப்பட்டது. கீபோர்டை இணைத்தால் டேப்லெட் மல்லாக்க விழுந்தது; அதனால் ஒரு தாங்கி. தாங்கியை மடியில் வைக்க முடியாது; அதனால் மடக்குப் பலகை. பென் டிரைவ் சொருக டேப்லெட்டில் இடமே இல்லை. அதற்கு எட்டுக்கால் பூச்சி மாதிரி ஒரு இணைப்பான். மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்தது. அதற்குச் செங்கல் அளவில் ஒரு பவர் பேங்க். பவர் பேங்குக்குத் தனிச் சார்ஜர். இவ்வளவும் டேப்லெட்டின் மேல் விழுந்து உடைத்துவிடக் கூடாது என்று டேப்லெட்டுக்கு ஒரு உலோக உறை. கடைசியாக, 'கனமின்மைப் பதிவேடு' என்று இருநூறு பக்கத்தில் தடித்த அட்டை போட்ட ஒரு புத்தகம். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அதில் தோளின் நிலையைக் குறிக்க வேண்டும். மூன்று கட்டங்கள் இருந்தன: 'லேசு', 'மிக லேசு', 'இருப்பதே தெரியவில்லை'. நான்காவது கட்டம் தேவைப்படும் என்று யாரும் நினைக்கவில்லை.

நிப்பாட்டி ஒருநாள் பையைப் பார்சல் அலுவலகத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு மேலாளரிடம் போனார்.

"சார், பை அஞ்சு கிலோ முந்நூறு வருது."

"எதைச் சேத்து?"

"எல்லாத்தையும் சேத்துத்தான் சார்."

"அங்கதான் தப்பு பண்றீங்க. எல்லாத்தையும் எதுக்குச் சேக்கறீங்க? டேப்லெட்ட மட்டும் தனியா எடை போடுங்க. நானூத்தி எண்பதுக்கு மேல ஒரு கிராம் வந்துதுன்னா நேரா என்கிட்ட வாங்க."

தனியாக எடை போட்டார். மேலாளர் சொன்னது சரிதான்.

வீட்டில் அவருடைய மனைவிக்கு நிர்வாக அறிவு கொஞ்சம் குறைவு. "ஏங்க, கனமா இருந்தப்ப ஒரு பையோட போனீங்க. லேசாயிட்டுதுங்கறாங்க, இப்ப துணிக்கு ஒண்ணு இதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பையா போறீங்களே?" என்று கேட்டார். நிப்பாட்டி முதுகில் தைலம் தடவச் சொன்னார். தைலம் தடவியதும் பதிவேட்டை எடுத்து 'மிக லேசு' என்று குறித்தார்.

ரயிலில் அவருக்கு வேறு ஒரு மரியாதை கிடைத்தது. அறிக்கை எழுதலாம் என்று பலகையை விரித்து, தாங்கியை நிறுத்தி, பூச்சியைச் சொருகி, வயர்களை ஒவ்வொன்றாக எடுத்து இருக்கையில் பரப்பிக்கொண்டிருந்தார். எதிரில் இருந்த பெரியவர் ஒரு வயரை எடுத்து இழுத்துப் பார்த்தார்.

"இது ஜோடியா குடுப்பீங்களா, தனியாவும் கிடைக்குமா?"

"நான் விக்க வரலைங்க."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்றாங்க. சொல்லுங்க, என்ன விலை?"

அடுத்த நிலையத்துக்குள் பக்கத்துப் பெட்டியிலிருந்தும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். நிப்பாட்டி எல்லாவற்றையும் வாரிப் பையில் போட்டுக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போய் நின்றார். அறிக்கை எழுத முடியவில்லை. ஆனால் மக்களிடையே திட்டத்துக்கு வரவேற்பு இருந்தது என்பதை மறுக்க முடியாது.

ஏழு வாரங்கள் ஓடின. அந்த ஏழு வாரத்தில் நிறுவனம் சோதித்த நூற்று நாற்பது லிஃப்ட்டுகளில் ஒன்றுகூட நிறுத்தப்படவில்லை. டேப்லெட் வந்ததிலிருந்து லிஃப்ட்டுகளின் ஒழுக்கமே உயர்ந்துவிட்டதாக மேலாளர் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்த ஏதோ ஒரு சங்கம் 'நிறுத்தமில்லா நிறுவனம்' என்று ஒரு விருதை உருவாக்கி, வரும் வெள்ளிக்கிழமை அதை அவருக்கே வழங்குவதாக அறிவித்தது. நிப்பாட்டிக்கு அந்த வாரங்களில் வாய்த்தவை நிஜமாகவே நல்ல லிஃப்ட்டுகள். மற்ற பத்துப் பேருக்கு வாய்த்தவை எப்படி என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்களை யாரும் கேட்கவுமில்லை.

எட்டாவது வாரம், புதன்கிழமை, அவருடைய அக்கா குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் அவர் பங்குக்கு வந்தது.

எட்டு மாடிக் கட்டடம். அக்கா ஆறாவது மாடியில். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதத்துக்கு முன் முழங்காலில் ஆபரேஷன் ஆனது. கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. லிஃப்ட் இருக்கும் தைரியத்தில்தான் அவர் அங்கே தனியாக இருந்தார்.

நிப்பாட்டி இரண்டு பைகளையும் சுமந்துகொண்டு படியேறியே உச்சிக்குப் போனார். இயந்திர அறைக்குள் நுழைந்து டார்ச் அடித்துப் பார்த்தார். லிஃப்ட்டைத் தாங்கும் நான்கு கம்பிக் கயிறுகளில் மூன்று பிய்ந்து, இழை இழையாகச் சிலிர்த்துக்கொண்டு நின்றன. வேகம் மீறினால் லிஃப்ட்டைப் பிடித்து நிறுத்த வேண்டிய பிடிப்பானைக் கையால் அசைத்தார். துருவேறி இறுகிக் கிடந்தது. இதில்தான் அக்கா தினமும் இரண்டு தடவை ஏறி இறங்குகிறாள். அவர் உடனே மின்சாரத்தை அணைத்தார்.

அணைத்தால் மட்டும் போதாது. 'நிறுத்தவும்' என்று நிறுவனத்தின் சான்று வர வேண்டும். அது வந்தால்தான் கட்டடக்காரர்கள் அதைத் தொடாமல் இருப்பார்கள். ஆகவே பலகையை விரித்தார், தாங்கியை நிறுத்தினார், பூச்சியைச் சொருகினார். அன்றைக்கென்று கீபோர்டு டேப்லெட்டோடு சேர மறுத்தது. திரையிலேயே தட்டலாம் என்று தொட்டதும் திரைக்குள்ளிருந்து ஒரு கீபோர்டு எழும்பி வந்து படிவத்தின் கீழ்ப் பாதியை மூடிக்கொண்டது. நிப்பாட்டி மேலாளருக்குப் போன் போட்டார்.

"சார், 'நிறுத்தவும்'ங்கற கட்டம் தெரியலை. கீபோர்டு வந்து மறைக்குது."

"என்ன தெரியுது?"

"'பாதுகாப்பானது' தெரியுது."

"அப்ப அதை அழுத்துங்க."

"சார், கயிறு பிஞ்சு தொங்குது!"

"அது உங்க கண்ணுக்குத் தெரியறது. திரையில தெரியறதுதான் பதிவு."

"கீபோர்ட கீழ இறக்க வழி இருக்கா சார்?"

"இறக்கினா படிவமே மூடிக்கும். அது பாதுகாப்பு ஏற்பாடு. இதோ பாருங்க, மத்த பத்துப் பேரும் தெரியறதை அழுத்திட்டு நிம்மதியா இருக்காங்க. வெள்ளிக்கிழமை விருது. இன்னிக்குப் போய் ஒண்ண நிறுத்தறேன்னு நிக்கறீங்களே, உங்களுக்கு நிறுவனத்து மேல என்ன கோவம்?"

 நிப்பாட்டி பதில் சொல்ல வாயெடுத்தபோது டேப்லெட் 'டிங்' என்றது. ஊழியரின் விரல்களுக்கு ஓய்வு தர வேண்டும் என்ற கருணையால், இரண்டு நிமிடம் யாரும் எதையும் அழுத்தாவிட்டால் செயலி தானே ஒரு முடிவை அனுப்பிவிடும். என்ன முடிவு என்று சொல்லத் தேவையில்லை.

"வந்துடுச்சு! பாத்தீங்களா, உங்களுக்கு வேலையே வைக்கலை" என்றார் மேலாளர்.

"சார், அதைத் திருத்தணும்!"

"திருத்தணும்னா புதுசா அதிர்வுச் சோதனை பண்ணி முதல்லேருந்து வரணும். டேப்லெட்ட லிஃப்ட்டுக்குள்ள வெச்சு மேலயும் கீழயும் ஓட்டுங்க. பத்து சுத்து. வைக்கட்டுமா?"

வைத்துவிட்டார். நிப்பாட்டி எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொண்டு படிகளில் ஓடினார். ஆறாவது மாடிக்கு வந்தபோது லிஃப்ட் வாசலில் அக்கா கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கட்டடச் சங்கத்தின் செயலாளர், செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

"அக்கா, ஏறாத!"

"ஏண்டா, எப்ப வந்த? வந்தவன் வீட்டுக்கு வராம, வாசல்ல வழிய மறிச்சிட்டு நிக்கற?"

"கயிறு அறுந்துரும் அக்கா. சொன்னா கேளு."

செயலாளர் போனை நீட்டினார். "உங்க ஆபீஸ்லேருந்து இப்பதான் சார் வந்துது. உங்க பேரு போட்டு, 'பாதுகாப்பானது'ன்னு. அஞ்சு நட்சத்திரம் வேற."

"அது நான் சொன்னது இல்ல சார். அது தானா சொன்னது."

"தானா சொன்னா இன்னும் நல்லதாச்சே. மனுஷன் சொன்னாதான் சார் நாம யோசிக்கணும்."

இப்படிச் சொல்லிவிட்டு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த காவலாளிக்குப் போன் செய்து லிஃப்ட் சுவிட்சைப் போடச் சொன்னார். மேலே ஓடிப்போய்த் தடுக்கலாம். தடுக்கப் போனால் இங்கே அக்கா ஏறிவிடுவார். நிப்பாட்டி கனமின்மைப் பதிவேட்டில் ஒரு தாளைக் கிழித்து, 'ஆபத்து. ஏறாதீர்கள்' என்று பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டினார். செயலாளர் அதைப் பிய்த்து இரண்டு பக்கமும் படித்தார்.

"இதுல முத்திரை இல்ல. அதுவும் போக, பின்னாடி 'மிக லேசு'ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. எதை சார் நம்பறது?"

லிஃப்ட்டுக்குள் விளக்கு எரிந்தது. கதவு திறந்தது.

"நகருடா. பதினோரு மணிக்கு டாக்டர். ஒரு மாசமா அலைஞ்சு கிடைச்ச நேரம். விட்டா இனி எப்பவோ" என்றார் அக்கா.

"அக்கா, உன்ன நான் தூக்கிட்டு இறங்கறேன்."

"உன் பையத் தூக்கவே உன்னால முடியலை. நாக்கு தள்ளுது. என்னைத் தூக்கப் போறானாம்."

அக்கா கைத்தடியை லிஃப்ட்டுக்குள் ஊன்றினார். நிப்பாட்டிக்கு அழுகை வந்துவிட்டது. பத்தொன்பது வருடத்தில் முன்பின் தெரியாத எத்தனையோ பேரை லிஃப்ட்டில் ஏறவிடாமல் காப்பாற்றியவருக்கு, கூடப் பிறந்தவளை ஒரு அடி பின்னால் நகர்த்த முடியவில்லை. கையெழுத்தை நம்பவில்லை, கண்ணீரை நம்பவில்லை, பத்தொன்பது வருட அனுபவத்தை நம்பவில்லை. இவர்கள் எதைத்தான் நம்புவார்கள் என்று யோசித்தபோதுதான் அவருக்குச் சட்டென்று விளங்கியது.

அக்காவின் கைத்தடியை ஒதுக்கிவிட்டு உள்ளே பாய்ந்தார். டேப்லெட்டில் ஒன்பது சதவீதம்தான் சார்ஜ் இருந்தது. அதனால் பவர் பேங்க், பூச்சி, பை, பலகை எல்லாவற்றோடும் அப்படியே லிஃப்ட்டின் தரையில் வைத்தார். 'அதிர்வுச் சோதனை' என்பதை அழுத்தினார். எத்தனை சுற்று என்று செயலி கேட்டது. பத்து என்று இருந்ததை நூறாக்கினார். லிஃப்ட்டைத் தானாக ஏறி இறங்கவைக்கும் பரிசோதகர் சாவியை அதன் சுவரில் போட்டுத் திருப்பினார். வெளியே குதித்தார்.

டேப்லெட் ஒரு பெண்ணின் இனிய குரலில் பேசியது: "அதிர்வுச் சோதனை தொடங்குகிறது. சோதனை முடியும்வரை யாரும் உள்ளே வரக் கூடாது. தயவுசெய்து விலகி நில்லுங்கள்."

செயலாளர் அந்தக் கணமே இரண்டடி பின்வாங்கினார். அக்காவின் கையையும் பிடித்து இழுத்தார். "மேடம், தள்ளி வாங்க, தள்ளி வாங்க. மெஷினே சொல்லுது பாருங்க!"

"நூறு சுத்தா? மத்தியானம் ஆயிடுமேடா! எனக்குன்னு ஒரு தம்பி வந்து வாச்சான்" என்று அக்கா பள்ளிக்கூட மைதானத்துக்குக் கேட்கிற குரலில் திட்டத் தொடங்கினார். செயலாளர் வீட்டிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. அதில் உட்கார்ந்துகொண்டு திட்டினார். நிப்பாட்டி கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார். அவ்வளவு இன்பமான திட்டை அவர் வாழ்நாளில் வாங்கியதில்லை. லிஃப்ட் தன் பாட்டுக்கு ஏறியது, இறங்கியது.

பதினான்காவது சுற்றில், எட்டாவது மாடியைத் தொட்ட லிஃப்ட்டிலிருந்து வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அடுத்த நொடி ஏதோ ஒன்று மூடிய கதவுக்குப் பின்னால் அவர்களைக் கடந்து கீழே போயிற்று. அதற்கடுத்து வந்த சத்தத்தில் கட்டடமே குலுங்கியது. ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன.

அக்காவின் வாய் பாதித் திட்டில் நின்றுவிட்டது.  பிறகு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். 

செயலாளரின் செல்போன் 'டிங்' என்றது. தரைத்தளத்தின் அடியிலிருந்து, உயிர் பிரியும் நேரத்திலும் கடமை தவறாத டேப்லெட் தன் இறுதி அறிக்கையை அனுப்பியிருந்தது. செயலாளர் உரக்கப் படித்தார்.

"எட்டாவது மாடியிலேருந்து தரைத்தளம்: ரெண்டு நொடி. அதிர்வு: ஒரே ஒரு முறை. மதிப்பீடு: மிகச் சிறப்பு. பாதுகாப்பானது." நிமிர்ந்து பார்த்து, "அப்ப இனிமே ஏறலாமா சார்?" என்று கேட்டார்.

அக்காவை நாற்காலியோடு நிப்பாட்டியும் காவலாளியும் செயலாளரும் ஆறு மாடி இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் எப்படித் திரும்ப வேண்டும் என்று அக்கா பாடம் நடத்தினார். டாக்டரிடம் பத்து நிமிடம்தான் தாமதம்.

வெள்ளிக்கிழமை மேலாளர் விருது வாங்கினார். எட்டு மாடியை இரண்டு நொடியில் கடந்த லிஃப்ட் பற்றி ஏற்புரையில் தனியாகக் குறிப்பிட்டார். அத்தகைய வேகத்தை லேப்டாப் காலத்தில் கனவிலும் நினைத்திருக்க முடியாது என்றார். திங்கட்கிழமை, பணியின்போது உயிர்நீத்த டேப்லெட்டின் படம் அலுவலக வரவேற்பறையில் திறந்து வைக்கப்பட்டது. பத்துப் பரிசோதகர்களும் எழுந்து நின்றார்கள். பதினோராவது ஆளின் மேசையில் ஒரு உறை இருந்தது.

'தங்கள் பொறுப்பில் விடப்பட்ட கருவி லிஃப்ட்டில் பயணம் செய்தபோது தாங்கள் மட்டும் வெளியே நின்றது ஏன் என்பதற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும். தாங்கள் உள்ளே இருந்து கருவியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தால் அதற்கு நேர்ந்த சேதம் கணிசமாகக் குறைந்திருக்கும் என்று தொழில்நுட்பப் பிரிவு கருதுகிறது.'

நிப்பாட்டி கடிதத்தை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார்.

"சார், நான் உள்ள இருந்திருந்தா செத்துப் போயிருப்பேனே?"

மேலாளர் எழுந்து வந்து அவர் தோளில் கையை வைத்தார். குரலில் உண்மையான பரிவு இருந்தது.

"அதை யாருங்க மறுத்தா? ஆனா நிறுவனத்தோட இடத்துலேருந்து கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. டேப்லெட்டுக்கு மாத்து வர ஆறு மாசம் ஆகும். உங்களுக்கு மாத்து நாளைக்குக் காலைலயே வந்துருவாரு."